ஷாக் வாங்குறதுக்கு முன்னாடி தராசு

நம்ம ஒர்க்‌ஷாப் பின்னாடி நிற்கிற பக்கிக்கு (பேரே அதுதான், சிரிச்சு முடிச்சுட்டு வாங்க) இந்த வருஷம் சஸ்பென்ஷன் மாத்தணும்னு ஜூனியர்ஸ் பிளான் போட்டிருக்காங்க. பிளானோட முதல் வரி: இம்போர்ட்டட் ஏர் ஷாக், நாலு. அது கடைசி வரியா இருக்கணும்ங்கிறது என் கருத்து. காசு இல்லைங்கிறதுக்காகச் சொல்லல. ஸ்பான்சர் கிடைச்சாலும் இதையேதான் சொல்வேன்.

டியூன் பக்கின்னா முதல்ல ஞாபகம் வர்றது கலிஃபோர்னியால புரூஸ் மேயர்ஸ் 1964-ல கட்டின மேங்க்ஸ். மேல ஃபைபர்கிளாஸ் பாடி, அடியில ஃபோக்ஸ்வாகன் பீட்டில் சாமான். 1967-ல மெக்சிகோவின் பாஹா பகுதியில நடந்த முதல் 'மெக்சிகன் 1000' ரேஸை ஜெயிச்சது ஒரு மேங்க்ஸ்தான். அந்த வண்டியோட பலம் எடை குறைவு. அதைப் பார்த்து வீட்டுல பக்கி கட்டினவங்களுக்குத் தலைவலியும் அதே எடை குறைவுதான். முழு பீட்டிலைத் தாங்கச் செஞ்ச டார்ஷன் பார், இரும்பு பாடி போனதும் ரொம்ப இறுக்கமாயிடும். வண்டி மேல தூக்கிட்டு நிற்கும். பள்ளம் வந்தா சக்கரம் கீழ இறங்க இடமே இருக்காது. அங்க எவ்வளவு நல்ல ஷாக் போட்டாலும் பிரயோஜனம் இல்ல. டார்ஷன் பாரைக் கழட்டி, பல் மாத்தித் திருப்பிப் போடணும்.

நம்ம கதையும் அதுதான். ஏர் ஷாக்ல காத்துதான் ஸ்பிரிங். எவ்வளவு காத்து அடிக்கணும்னு முடிவு பண்ணவே ஒவ்வொரு சக்கரத்து மேலயும் எவ்வளவு எடைன்னு தெரியணும். அது பிளான்ல எங்கேயும் இல்ல! சமதரை, நாலு பாத்ரூம் எடை மெஷின், சீட்ல டிரைவர். அரை மணி நேர வேலை.

பின் சக்கரம் ஒண்ணு மேல 75 கிலோ ஸ்ப்ரங் மாஸ்னு வைங்க. 1.5 ஹெர்ட்ஸ் வேணும்னா சக்கரத்துல மில்லிமீட்டருக்கு 6.7 நியூட்டன் ஸ்டிஃப்னஸ் வேணும். நம்ம ஆர்ம்ல மோஷன் ரேஷியோ 0.6-னா, ஸ்பிரிங்குக்குத் தேவை 18.5. பல பேர் 0.6-ஆல ஒரே தடவை வகுத்து 11-னு எழுதுறாங்க. லீவர்ல விசையும் குறையுது, நகர்ற தூரமும் குறையுது, அதனால 0.6-ஐ ஸ்கொயர் பண்ணணும். 11 ஸ்பிரிங்கை ப்ரீலோட் இல்லாமப் போட்டா, டிரைவர் உக்காந்ததுமே வண்டி கிட்டத்தட்ட 185 மி.மீ. இறங்கிடும். மொத்த டிராவலே 200 இருந்தா மிச்சம் என்ன?

"டிராவலைக் கூட்டிடலாம்ணா"ன்னு அடுத்த பதில் வரும். கூட்டலாம்தான். ஆனா நம்ம ஆக்சில் பழைய சின்னக் காரோடது, ரோட்டுல ஓடச் செஞ்சது. அதோட ஜாயின்ட் ஒரு கோணத்துக்கு மேல மடங்காது. குதிக்கும்போது சக்கரம் முழுசாத் தொங்கி, ஜாயின்ட் இறுகி, ஆக்சிலரேட்டரும் மிதிச்சபடி தரையில விழுந்தா ஆக்சில் உடையலாம். உடைஞ்ச துண்டு சுத்துற இடத்துலதான் நம்ம பிரேக் லைன் போகுது. உள்ள இருக்கிறது நம்ம ஹாஸ்டல் ஆள். ஜாயின்ட் இறுகுறதுக்கு முன்னாடியே சக்கரத்தை நிறுத்துற ஒரு நைலான் லிமிட் ஸ்ட்ராப் இதைத் தடுக்கும். விலை ஷாக் பக்கத்துலகூட வராது. பிளான்ல அதுவும் இல்ல, பம்ப் ஸ்டாப்பும் இல்ல.

அட்ஜஸ்டபிள் ஷாக் வேஸ்ட்னு நான் சொல்லவே மாட்டேன். டேம்பிங்கைக் கிளிக் கிளிக்கா மாத்திப் பார்க்குறது பெரிய வசதி, கத்துக்கவும் நல்லது. ஸ்டாலுக்கு வர்றவங்களும் முதல்ல அதைத்தான் பார்ப்பாங்க, தெரியும். எந்த நீளம், எவ்வளவு ஸ்ட்ரோக், எவ்வளவு பிரஷர்னு தெரிஞ்ச பிறகு தாராளமா ஆர்டர் போடுங்க. ஒவ்வொருத்தரும் மெஸ் பில் போகப் போடுற காசு அது. பார்சல் வந்த பிறகு பிராக்கெட் இடிக்குதுன்னு கிரைண்டரைத் தேட வேண்டாம்.

இந்த சனிக்கிழமை பின் ஸ்பிரிங் ரெண்டையும் கழட்டிட்டு, சக்கரத்தை ஜாக்ல 10 மி.மீ., 10 மி.மீ.யா ஏத்தி, ஒவ்வொரு இடத்துலயும் கையால சுத்திப் பார்த்துக் குறிச்சுக்கலாம். ரெண்டு பேர் வந்தாப் போதும். ஜாக் நான் கொண்டு வரேன்.