கறிகாய்ப் பயிருக்கு எண்ணெய்ச் சிகிச்சை

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், வேங்கடேசப் பெருமாள் கோயிற் சுவரிலே வீரராஜேந்திர சோழன் காலத்துச் சாஸனம் ஒன்று இருக்கிறது. 15 படுக்கைகள் கொண்ட வீரசோழன் என்னும் ஆதுலசாலையையும், அங்கே ஓராண்டுக்குச் சேமித்து வைக்கவேண்டிய மருந்துகளையும் அது விவரிக்கிறது. அவற்றுள் தைலங்களும் உண்டு. மூலிகை கொண்டுவர இரண்டு ஆட்கள் கூட நியமிக்கப்பட்டிருந்தனர். 11-ம் நூற்றாண்டில் மனிதனுக்குத் தைலம் சேமித்த நாட்டில், வெண்டையிலே சாம்பல் நோய் கண்டால் கடைக்கு ஓடி விஷத்தூள் வாங்குவதன்றி வேறு வழியில்லையென்று விவசாயி நம்பும்படி விட்டுவிட்டோம்.

வேப்பெண்ணெயைக் கொண்டு பயிர்க் காளானை அடக்கும் முறைக்கு, 1994-ல் ஐரோப்பியப் பேடண்ட் ஆபீஸ் அமெரிக்க விவசாய இலாகாவுக்கும் டபிள்யூ. ஆர். கிரேஸ் கம்பெனிக்கும் தனியுரிமை வழங்கிற்று. நம் பாட்டன்மார் அறிந்த வேம்பு! வந்தனா சிவா முதலியோர் ஆட்சேபித்ததன் பேரில் 2000-ல் அவ்வுரிமை ரத்தாயிற்று. 2005-ல் அப்பீலும் தள்ளப்பட்டது. வழக்கில் வென்றோம், சரி. வென்ற பொருளை வயலில் எவ்வளவு உபயோகிக்கிறோம்?

ஓமத்திலுள்ள தைமால், கிராம்பிலுள்ள யூஜினால், எலுமிச்சம்புல்லிலுள்ள சிட்ரால் ஆகியவை காளானின் உயிரணுச் சவ்வைச் சிதைக்க வல்லவை. இதைக் கேட்டவுடன் சர்வரோக நிவாரணி கிடைத்ததென்று ஆர்ப்பரிப்போரோடு நாம் சேரமாட்டோம். இவ்வெண்ணெய்கள் ஆவியாய்ப் போகும் சுபாவமுடையவை; கண்ணாடித் தட்டிலே காளானைக் கொன்றது, வெயிலும் காற்றுமுள்ள தோட்டத்திலும் கொல்லுமென்பதற்கு உத்தரவாதமில்லை. அளவு மிஞ்சினால் இலை கருகிவிடும். தண்ணீரிற் கலவாதாகையால் சோப்புக் கரைசல் சேர்த்தே தெளிக்கவேண்டும். விலையோ வேப்பெண்ணெயினும் அதிகம். ஏழைக் குடியானவனுக்கு முதலில் உதவக்கூடியது வேம்புதான்.

மாங்கோசெப் என்னும் காளான் மருந்தை ஐரோப்பிய யூனியன் 2020-ல் விலக்கத் தீர்மானித்தது. அதே ஆண்டில் நமது மத்திய சர்க்கார் தடைசெய்யக் கருதிய 27 மருந்துகளின் நகல் ஜாபிதாவிலும் அது இருந்தது. ஆகவே மாற்று தேடுவதை வெறும் பழமைப் பித்து என்று எவரும் எள்ளுவதற்கில்லை.

கோயம்புத்தூர் விவசாய சர்வகலாசாலையார் பாலாற்றங்கரைக் கிராமங்களிலேயே தக்காளி, கத்தரி, வெண்டைத் தோட்டங்களில் இவ்வெண்ணெய்களைப் பரீக்ஷித்து, அளவு, செலவு, பலன் ஆகியவற்றைத் தமிழில் வெளியிட வேண்டுமென்று கோருகிறோம். பலிக்காத பரீக்ஷைகளையும் மறைக்காது எழுதவேண்டும். பஞ்சாயத்துக்களோ அதுவரை காத்திராமல், ஆனி ஆடியில் வேப்பமரத்தடியில் உதிர்ந்து மண்ணாகும் கொட்டைகளைக் கூலி கொடுத்துப் பொறுக்க இந்த ஆண்டிலேயே ஆள் அமர்த்தலாம்.