விளக்குக்குக் கடன் தரும் உத்தியோகம்

வளரும் நாடுகளில் சூரிய மின்சாரத்துக்குக் கடன் வழங்குவது இன்று தனி உத்தியோகமாகிவிட்டது. நம் அங்கத்தினரின் பிள்ளைகள் அதில் புக வேண்டும் என்பது நம் அபிப்பிராயம்.

வங்காளதேசத்தில் அரசுக்குச் சொந்தமான இட்கால் நிறுவனம், உலக வங்கியின் உதவியோடு 2003இல் வீட்டுச் சூரிய மின்சாரத் திட்டத்தைத் தொடங்கிற்று. கிராமத்தார் முன்பணம் கட்டி, மீதியைத் தவணைகளில் செலுத்தினர். 40 லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகள் ஒளி பெற்றன. பின்னர் அவ்வூர்களுக்கு மின்கம்பி எட்டிற்று. அரசு இலவசமாகவும் சாதனங்களை வழங்கிற்று. விற்பனை குன்றிற்று, பலர் தவணை தவறினர்.

ஆகவே, சாதனத்தின் விலையை மட்டும் அறிந்தவர் இவ்வேலைக்குப் போதார். குடும்பத்துக்குப் பணம் எம்மாதம் வரும், ஊருக்குக் கம்பி எப்போது வரும் என்று விசாரித்தறிபவரே தக்கவர். நூலுக்கும் விதைக்கும் கடன் கொடுத்துப் பழகிய சங்கத்தாருக்கு இவ்வறிவு புதிதன்று. அதைப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பது நம் கடமை.