சின்ன மாற்றம் என்று யார் முடிவு செய்வது?

ஈசூனில் உள்ள உங்கள் வீவக வீட்டுச் சுவருக்குப் புதுச் சாயம் பூச யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். ஆனால், சுவரை இடிக்க வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அனுமதி தேவை. பாரம் தாங்கும் சுவர் என்றால் கேட்டாலும் கிடைக்காது. பாதுகாப்பு அறையின் கனத்த இரும்புக் கதவைக் கழற்றவே கூடாது. வேலை பெரிதா சிறிதா என்பதைவிட, எந்த வகைப் பொருளில் கை வைக்கிறோம் என்பதே இங்கு முக்கியம்.

மென்பொருளிலும் இதே முறை உண்டு. ஒரு பெரிய நிறுவனத்தின் கணினி அமைப்பில் நிரல்கள், தரவு அட்டவணைகள், திரைப் படிவங்கள், அமைவுக் கோப்புகள் என ஆயிரக்கணக்கான பொருள்கள் இருக்கும். மாற்ற மேலாண்மையைக் கவனிக்கும் நிர்வாகி அவற்றை வகை வகையாகப் பிரிக்கிறார். எந்த வகையை யார் மாற்றலாம், எங்கே சோதிக்க வேண்டும், யார் ஒப்புதல் தர வேண்டும், பிழை நேர்ந்தால் பழைய நிலைக்கு எப்படித் திரும்புவது என்று ஒவ்வொரு வகைக்கும் விதி வகுக்கிறார். சலிப்பூட்டும் வேலைதான். ஆனால், வகை தவறினால் விதியும் தவறிவிடும்.

2024 ஜூலை 19ஆம் தேதியை நினைத்துப் பாருங்கள். கிரவுட்ஸ்டிரைக் எனும் இணையப் பாதுகாப்பு நிறுவனம் அன்று அனுப்பிய ஒரு கோப்பால் உலகெங்கும் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையுடன் முடங்கின. சாங்கி விமான நிலையத்தில் சில விமான நிறுவனங்கள் பயணிகளைக் கையால் பதிவு செய்தன.

அந்நிறுவனம் தன் வெளியீடுகளை இரண்டு வகையாகப் பிரித்திருந்தது. முதல் வகை, மென்பொருளின் நிரல். அது விரிவாகச் சோதிக்கப்பட்டு, படிப்படியாக வெளியாகும். இரண்டாம் வகை, புதிய தாக்குதல்களை அடையாளம் காட்டும் தகவல் கோப்பு. அது வெறும் தகவல் என்பதால் எல்லாக் கணினிகளுக்கும் ஒரே நேரத்தில் போகும். கோளாறு இந்த இரண்டாம் வகையில்தான் வந்தது. கோப்பு 21 மதிப்புகளை எதிர்பார்த்தது; நிரல் கொடுத்ததோ 20. இல்லாத 21ஆவது மதிப்பைத் தேடி, நினைவகத்தின் எல்லையைத் தாண்டிப் படிக்கப்போய்க் கணினி நின்றது. 78 நிமிடங்களில் கோப்பு திரும்பப் பெறப்பட்டது. ஆனாலும், முடங்கிய கணினிகள் பலவற்றை ஆட்கள் நேரில் சென்று சரிசெய்ய வேண்டியிருந்தது.

“தாக்குதல் வேகமாக வரும்போது தற்காப்பும் வேகமாக இருக்க வேண்டாமா?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால், முதலில் சில கணினிகளுக்கு மட்டும் அனுப்பி, சற்று நேரம் கவனித்துவிட்டு, பிறகு மற்றவற்றுக்கு அனுப்புவதால் பெரிய தாமதம் ஏற்படாது. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு கிரவுட்ஸ்டிரைக்கும் இந்த முறைக்கே மாறியது.

நம் ஊரிலும் ஒரு பாடம் இருக்கிறது. டிபிஎஸ் வங்கியின் மின்னிலக்கச் சேவைகள் 2023இல் பலமுறை தடைபட்டன. அதையடுத்து, அவ்வாண்டு நவம்பரில், அத்தியாவசியமற்ற தகவல் தொழில்நுட்ப மாற்றங்களை ஆறு மாதங்களுக்கு நிறுத்திவைக்கும்படி அவ்வங்கிக்குச் சிங்கப்பூர் நாணய ஆணையம் உத்தரவிட்டது. எல்லா மாற்றங்களுக்கும் தடை விதிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். எவை அத்தியாவசியம், எவை இல்லை என்று பிரித்திருந்தால்தான் அப்படியோர் உத்தரவைப் பின்பற்ற முடியும்.

ஆகவே, என் கருத்து இதுதான்: ஒரு பொருளின் வகையை அதன் பெயரோ அளவோ தீர்மானிக்கக் கூடாது. அது பழுதானால் யாருக்கு, எவ்வளவு பாதிப்பு என்பதே தீர்மானிக்க வேண்டும். ‘வெறும் தகவல்’, ‘வெறும் அமைவு’ என்ற சொற்களைக் கேட்டால் சற்று உஷாராகுங்கள்.

உங்கள் பள்ளி இயந்திரமனிதவியல் மன்றத்தில் இதைச் செய்து பார்க்கலாம். உங்கள் திட்டத்தில் உள்ள கோப்புகளை எல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அது கெட்டால் எது நிற்கும், யார் சரிபார்ப்பார், பழைய பிரதி எங்கே இருக்கிறது என்று குறியுங்கள். மோட்டாரின் வேகத்தைச் சொல்லும் ஒற்றை எண் கொண்ட கோப்பு, நூறு வரி நிரலைவிட அதிகக் கவனம் கேட்பதை அப்போது நீங்களே காண்பீர்கள்.