குழந்தைகள் படம்தானே என்ற சலுகை

2024 பொங்கலுக்கு வந்த ‘அயலா’னுக்கு இரண்டு வகைத் தீர்ப்புகள் கிடைத்தன. ‘அரைச்ச மாவு, லாஜிக் இல்லை’ என்றது ஒன்று. ‘குழந்தைகளோடு பார்க்கலாம்’ என்றது இன்னொன்று. எனக்கு எரிச்சல் இரண்டாவதன் மேல்தான். குழந்தைகள் என்றால் எதைக் கொடுத்தாலும் போதும் என்று யார் சொன்னது?

இயக்குநர் ரவிக்குமார் விஷயம் தெரியாதவர் இல்லை. 2015-ல் ‘இன்று நேற்று நாளை’யில் கால இயந்திரத்தை வைத்துக் கலகலப்பாகவே ஒரு கணக்கைப் போட்டுக் காட்டியவர். ‘அயலா’னில் நாயகன் விவசாயி, வில்லன் பூமியை ஆழத் துளைத்து வாயு எடுக்கிறவன். இந்தக் கரு பழசு என்பவர்களோடும் நான் ஒத்துப்போக மாட்டேன். கோவில்பட்டியிலிருந்து தூத்துக்குடி பக்கம்தான். 2018 மே மாதம் ஸ்டெர்லைட்டை மூடச் சொன்ன போராட்டத்தில் போலீஸ் சுட்டு 13 பேர் செத்தார்கள். எங்களுக்கு அது எப்படிப் பழசாகும்?

என் சண்டை வேறு. சென்னைக்கு வந்த பிறகு அந்த விவசாயிக்குத் தெரிந்த எதுவும் பூமிக்கு உதவவில்லை. வேற்றுக்கிரகவாசியின் சக்தி துணைக்கு வந்துதான் ஜெயிக்கிறான். எங்க கரிசக்காட்டில் மழைக்கு முன்னாடியே காய்ந்த மண்ணில் விதைப்பார்கள். எந்த மழைக்கு முளைக்கணும் என்று அதற்கொரு கணக்கு உண்டு. கோவில்பட்டியில் வேளாண் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது 1901-ல். இதெல்லாம் அறிவியலில் சேராதா?

நான் படித்த விமர்சனங்கள் கிராபிக்ஸுக்கு மார்க் போட்டன; இதைக் கேட்கவில்லை. ஒரு குழந்தை கேட்கும்: “அந்த ஏலியன் வரலைன்னா அந்த அண்ணன் என்ன செஞ்சிருப்பாரு?” படத்தில் அதற்குப் பதில் இல்லை.