மலையகத் தொழிலாளரின் வாயிலிருந்து உலகம் கற்ற பாடம்

பல் துலக்கும்போது இரத்தம் வருவதை நம்மவர்களில் பெரும்பாலானோர் ஒரு நோயாகவே கருதுவதில்லை. பிரஷ் கடினமானது, சற்று அழுத்தித் தேய்த்துவிட்டோம் என்று சமாதானம் கூறிக்கொள்கின்றனர். வேறு சிலர், இரத்தம் வருகின்றதே என்று அஞ்சி அந்த இடத்தைத் துலக்காமலே விட்டுவிடுகின்றனர். நோய்க்கு இதைவிட வசதியான ஏற்பாடு வேறொன்றும் இருக்க முடியாது. ஆரோக்கியமான முரசு சாதாரணமாகத் துலக்கும்போது இரத்தம் கசிவதில்லை. அவ்வாறு கசிந்தால், அது பெரும்பாலும் முரசு நோயின் முதல் அறிவிப்பாகும்.

பிலிமத்தலாவையிலிருந்து கண்டி வீதியில் சில கிலோமீற்றர் சென்றால் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவ பீடமும் பல் போதனா வைத்தியசாலையும் உள்ளன. நீண்டகாலமாக நாட்டின் ஒரேயொரு பல் மருத்துவ பீடமாக விளங்கியது இதுவே. யட்டிநுவர, உடுநுவரப் பகுதி மக்களுக்கு இது ஏனைய பிரதேசங்களுக்குக் கிட்டாத வாய்ப்பு. ஆயினும் பல் ஆடத் தொடங்கிய பின்னர், அதைப் பிடுங்குவதற்காகவே பல் வைத்தியரை நாடும் வழக்கம் இங்கும் மறைந்துவிடவில்லை.

முரசு நோய் பற்றி உலகம் இன்று அறிந்துள்ளவற்றில் முக்கியமானதொரு பகுதி நமது மலையகத்திலிருந்தே பெறப்பட்டது என்பது பலரும் அறியாத செய்தியாகும். 1970 ஆம் ஆண்டில் நோர்வே நாட்டு ஆய்வாளரான ஹரால்ட் லோவும் அவரது குழுவினரும் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் பணிபுரிந்த 480 ஆண் தொழிலாளரின் வாய்களைப் பரிசோதித்தனர். 1985 வரை, 15 ஆண்டுகளாக அப்பரிசோதனைகள் தொடர்ந்தன. தோட்டத் தொழிலாளர் தெரிவு செய்யப்பட்டமைக்குக் காரணம் எளியது. அவர்கள் பல் துலக்கும் வழக்கமற்றவர்கள். பல் வைத்திய சேவை எதுவும் அவர்களை எட்டியிருக்கவில்லை. சிகிச்சையோ தடுப்போ இல்லாதபோது இந்நோய் எப்படி வளரும் என்பதைக் காண்பதற்கு அதுவே வாய்ப்பாயிற்று.

கண்டறியப்பட்ட முடிவுகள் 1986 இல் வெளியாகின. ஏறத்தாழ 8 சதவீதமானோரிடம் நோய் மிக வேகமாகப் பரவியது. அவர்கள் 35 வயதில் சராசரியாக 12 பற்களையும், 45 வயதாகும்போது அனைத்துப் பற்களையும் இழந்திருந்தனர். 81 சதவீதமானோரிடம் நோய் நடுத்தர வேகத்தில் வளர்ந்தது. அவர்களுக்கு 45 வயதில் சராசரியாக 7 பற்கள் இல்லை. எஞ்சிய 11 சதவீதமானோரிடம் முரசு வீக்கத்துக்கு அப்பால் நோய் செல்லவில்லை. இத்தனைக்கும் அத்தொழிலாளரிடம் பற்சொத்தை அநேகமாகக் காணப்படவில்லை. அவர்களது பற்களைப் பறித்தது முரசு நோயே. ஒப்பீட்டுக்காக ஆராயப்பட்ட ஒஸ்லோ மாணவரிடமும் கல்வியாளரிடமும், 40 வயதை நெருங்கும்போது பல்லைப் பற்றிநிற்கும் இழையம் சராசரியாக 1.5 மில்லிமீற்றர் அளவே இறங்கியிருந்தது. நமது தொழிலாளரிடம் அது 4.5 மில்லிமீற்றர்.

இன்றைய ஒழுக்கநெறிக் குழுக்கள் இத்தகைய ஆய்வை எளிதில் அனுமதிக்கமாட்டா என்பதே நமது எண்ணம். 2010 இல் அந்த 480 பேரில் 75 பேர் மீண்டும் பரிசோதிக்கப்பட்டு, 40 ஆண்டுகால விபரங்கள் 2017 இல் வெளியாகின. உலகெங்கும் பல் மருத்துவ மாணவர்கள் இலங்கைத் தேயிலைத் தொழிலாளரைப் பற்றிப் படிக்கின்றனர். அவ்வறிவின் பயன் அத்தொழிலாளரின் பேரப்பிள்ளைகளுக்கு எந்தளவு கிட்டியிருக்கின்றது என்பதே நாம் எழுப்பும் கேள்வி.

கிட்ட வேண்டிய அறிவோ அரிதானதொன்றன்று. பல்லும் முரசும் சேருமிடத்தில் கிருமிகளின் மெல்லிய படலம் படிகின்றது. அகற்றப்படாவிடின் அது இறுகிக் கல்போன்ற பற்காறையாகின்றது. இதே லோ 1965 இல் டென்மார்க்கில் நடத்திய பரிசோதனையில், 12 பேர் பல் துலக்குவதை நிறுத்தியபோது சுமார் 2, 3 வாரங்களுக்குள் அனைவருக்கும் முரசு வீங்கியது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் ஒரு வாரமளவில் குணமாயிற்று. ஆரம்ப நிலை முற்றாக மீளக்கூடியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அந்நிலையைக் கடந்து நோய் எலும்பைக் கரைக்கத் தொடங்கினால், இழந்தது பெரும்பாலும் திரும்புவதில்லை. மேலும் இழக்காமல் தடுக்கவே முடியும். நீங்காத வாய்நாற்றம், முரசு இறங்கிப் பல் நீண்டதுபோலத் தோன்றுதல், பற்களிடையே புதிதாக இடைவெளி விழுதல், சீழ் கசிதல் ஆகியன அந்நிலையின் அடையாளங்கள். வலி பெரும்பாலும் இறுதியிலேயே வருகின்றது. புகைப்பவரிடம் இரத்தக் கசிவுகூட மறைந்திருக்கலாம் என்பதால் அவர்கள் ஏமாறுவது இன்னும் எளிது.

பற்காறையை அகற்றினால் பல் ஆடிவிடும் என்ற அச்சம் நம்மிடையே ஆழமாக வேரூன்றியுள்ளது. உண்மையில் பல் ஏற்கெனவே பிடிமானத்தை இழந்திருக்கும். சூழ்ந்திருந்த காறை அதை மறைத்திருக்கும். காறை நீங்கியதும் ஆட்டம் தெரிகின்றது, பழி வைத்தியர் மீது விழுகின்றது. காறை பிரஷினால் போவதன்று. உப்பு, கரி, செங்கல் தூள் கொண்டு தேய்ப்பதால் பல்லின் மேற்பரப்பே தேயும். வெற்றிலை, பாக்கு, புகையிலையோ முரசை மட்டுமன்றி வாய்ப் புற்றுநோயையும் வரவழைப்பன.

முஸ்லிம்களுக்கு மிஸ்வாக் சுன்னத்தான வழிமுறையாகும். தமிழர்க்கு வேப்பங்குச்சி பழக்கமானது. இரண்டையும் முறையாகப் பயன்படுத்துவது நன்றே. எனினும் கடைவாய்ப் பற்களின் உட்புறத்தையும் பல்லிடுக்குகளையும் குச்சி எளிதில் எட்டாது. ஆகவே காலையும் இரவும் புளோரைட் பற்பசை கொண்டு துலக்குவதைக் கைவிடலாகாது. நோன்பு காலத்தில் நோன்பு திறந்த பின்னர் ஒருமுறையும் ஸஹர் உணவின் பின்னர் ஒருமுறையும் துலக்குவது சிரமமானதல்ல.

நீரிழிவு நோயாளர் விடயத்தில் அரசுக்கும் பொறுப்புண்டு. நீரிழிவு முரசு நோயை வளர்க்கின்றது. முரசு நோய் குருதியில் சீனியின் அளவைக் கட்டுப்படுத்துவதைக் கடினமாக்குகின்றது. கர்ப்பிணித் தாய்மாரைப் பல் பரிசோதனைக்கு அனுப்பும் ஏற்பாடு நம் நாட்டில் ஏற்கெனவே உண்டு. அதே ஏற்பாட்டை நீரிழிவுக் கிளினிக்குகளுக்கும் வழமையாக்குவதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. கிளினிக் கொப்பியில் ஒரு வரி போதும்.

தோட்டங்களின் நிலைமை வேறு. நாட்சம்பளம் பெறும் தொழிலாளி பல் சுத்தம் செய்வதற்காக நகர வைத்தியசாலைக்குச் செல்வதாயின் ஒருநாள் வேதனத்தை இழக்க வேண்டும். வலியில்லாத நோய்க்காக எவர் அதைச் செய்வார்? எனவே நடமாடும் பல் சிகிச்சைப் பிரிவுகள் தோட்டங்களுக்குச் செல்ல வேண்டும். அதுவும் வேலையில்லாத ஞாயிற்றுக்கிழமைகளில், பிடுங்கும் கருவிகளுடன் மட்டுமன்றி காறை அகற்றும் கருவிகளுடனும் செல்ல வேண்டும். சுகாதார அமைச்சும் மத்திய மாகாண அதிகாரிகளும் பேராதனைப் பல் மருத்துவ பீடமும் ஒன்றுகூடி இதற்கானதொரு நாட்காட்டியை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கின்றோம்.