மணிக்கு ஒரு கல்
கீரமங்கலத்தில் எங்கள் தோப்பில் கஜா புயலுக்குத் தப்பிய தென்னை ஒன்றின் அடியில் எங்கள் நாய் மணியைப் புதைத்தோம். அந்தப் புயல் வீசிய 2018 நவம்பர் 16 விடியற்காலை, ஓடு பறந்த வீட்டில் அம்மாவின் கட்டிலடியை விட்டு அது நகரவே இல்லை. கடைசி வாரம் கஞ்சியைக்கூட நக்கவில்லை. என்னைக் கண்டால் வால் மட்டும் அசைந்தது.

"நாய்க்குப் போய் அழுவாங்களா?" என்றார் பக்கத்துத் தோப்புப் பெரியவர். அழுவோம், ஐயா. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல்லில், எருமைகளைக் காத்து மடிந்த வீரனோடு அவன் நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்ற அதன் பெயர் கோவிவன். 1,400 ஆண்டுகளாகக் கல்லில் இருக்கிறது அந்தப் பெயர்.

மணியின் தலைமாட்டில் நானும் ஒரு கல் நட்டிருக்கிறேன். உங்கள் தெருவில் யாராவது இப்படி அழுதால், "நாய்தானே" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.