குரு பார்த்துக்கொள்வாரா?

மனத்தின் கட்டுகளைக் குரு ஒருவர் அறுத்துவிடுவார், சீடர் சரணடைந்தால் போதும் என்னும் நம்பிக்கை தமிழ்நாட்டில் படித்தவர், படிக்காதவர் என்ற வேறுபாடு இல்லாமல் வேரூன்றியிருக்கிறது. ‘எல்லாம் குரு பார்த்துக்கொள்வார்’ என்ற பேச்சு கேட்பதற்குப் பணிவாக இருக்கும். மகனின் குடிப்பழக்கம், மருமகளோடு நின்றுபோன பேச்சு, அண்ணன் தம்பி சொத்துத் தகராறு என்று தானே முகம்கொடுக்க வேண்டிய அத்தனையும் அந்த ஒரு பேச்சுக்குள் போய் ஒளிந்துகொள்கின்றன. தீட்சை, பாதபூஜை, கட்டண முகாம் என்று வடிவங்கள் மாறினாலும் ஏற்பாடு ஒன்றுதான்: வாழ வேண்டியவர் வேறு, பொறுப்பேற்பவர் வேறு. அகவிடுதலை இந்த ஏற்பாட்டுக்குள் கிடைக்காது.

இதற்கு வலுவான சாட்சி, குருவாக்கப்படுவதற்காகவே வளர்க்கப்பட்ட ஒருவர். ஜிட்டு கிருஷ்ணமூர்த்தி 1895இல், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மதனப்பள்ளியில் பிறந்தார். தந்தை பிரம்மஞான சபையில் வேலைக்கு வந்ததால் குடும்பம் அடையாறுக்குக் குடிபெயர்ந்தது. பள்ளியில் மந்தம் என்று பெயரெடுத்த அந்த மெலிந்த சிறுவனை 1909இல் அடையாறு கடற்கரையில் கண்ட, சபையின் முன்னணியாளர்களில் ஒருவரான லெட்பீட்டர், வரப்போகும் உலக குரு இவனுக்குள்தான் இறங்குவார் என்று அறிவித்தார். 1911இல் அதற்கென்றே ‘கிழக்கின் நட்சத்திரம்’ என்ற சங்கம் உருவானது. சபைத் தலைவர் அன்னி பெசன்ட்டின் பொறுப்பில் விட்டிருந்த கிருஷ்ணமூர்த்தியையும் அவருடைய தம்பியையும் திருப்பிக் கேட்டுத் தந்தை நீதிமன்றம் போனார். சென்னையில் அவருக்குக் கிடைத்த தீர்ப்பு 1914இல் லண்டன் பிரிவி கவுன்சிலில் பெசன்ட்டுக்குச் சாதகமாக மாறியது.

கிருஷ்ணமூர்த்தியின் தம்பி நித்யானந்தாவுக்குக் காசநோய். சபையார் குருமார்களாகக் கொண்ட, கண்ணுக்குத் தெரியாத மகாத்மாக்கள் நித்யாவைக் காப்பார்கள் என்ற உறுதி கிருஷ்ணமூர்த்திக்குத் தரப்பட்டிருந்தது, அவரும் நம்பினார். 1925 நவம்பரில் இந்தியாவுக்குக் கப்பலில் வந்துகொண்டிருந்தபோது, கலிபோர்னியாவில் தம்பி இறந்த செய்தி நடுவழியில் எட்டியது. குருமார்கள் பார்த்துக்கொள்வார்கள் என்ற வாக்கை அவரைவிட அருகிலிருந்து சோதித்தவர் எவரும் இருக்க முடியாது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1929 ஆகஸ்ட் 3 அன்று, ஹாலந்தின் ஓமென் முகாமில் பெசன்ட்டும் ஆயிரக்கணக்கான உறுப்பினர்களும் கேட்டிருக்க, சங்கத்தையே அவர் கலைத்தார். எந்த அமைப்பும் எவரையும் உண்மைக்கு அழைத்துச் செல்ல முடியாது என்பதே அவர் சொன்ன காரணம். நன்கொடையாக வந்த கோட்டையும் நிலமும் கொடுத்தவரிடமே திரும்பிப் போயின. இன்றைய ஆசிரமங்களில் வரவுப் பதிவேடு மட்டுமே புழங்குவதால், இந்தக் கடைசிச் செய்தி அங்கே எடுபடுவதில்லை.

சங்கீதத்துக்கும் சிலம்பத்துக்கும் ஆசான் வேண்டியிருக்க, ஆன்மிகத்துக்கு மட்டும் வேண்டாமா என்று கேட்பார்கள். ஆசான் தாளத்தைக் கற்றுத் தரலாம். மாணவனின் கோபத்தை அவனுக்காகக் கவனிக்க அவரால் முடியாது. மரபே சரணாகதியைப் போற்றுகிறதே என்பது இதைவிடக் கனமான வாதம். போற்றுகிறது, உண்மைதான். ரமணரும் சரணாகதியை ஒரு வழியாகச் சொன்னவரே. ஆனால் அவர் கொடுத்துவிடச் சொன்னது ‘நான்’ என்னும் முனைப்பை. கேள்வியோடு வந்தவரிடம், கேட்பது யார் என்று பார்க்கச் சொல்லி அனுப்பினார்; முறைப்படி தீட்சை கொடுத்துச் சீடர்களைச் சேர்க்கவும் இல்லை. இன்றைய பக்தர் அந்த முனைப்பைப் பத்திரமாக வைத்துக்கொண்டு பொறுப்பை மட்டும் கொடுக்கிறார். ‘என் குரு’ என்று சொல்லும்போது அவர் குரலில் ஏறும் கர்வத்தைக் கேட்டாலே இது விளங்கிவிடும்.

பொறுப்பைக் கொடுத்தவர் எதுவரை போவார் என்பதை ஜப்பானின் ஓம் ஷின்ரிக்யோ என்ற மதக்குழு காட்டியது. 1995 மார்ச் 20 காலை, டோக்கியோவின் சுரங்க ரயில்களில் ஐந்து சீடர்கள் ஏறினார்கள். செய்தித்தாளில் சுற்றிய பிளாஸ்டிக் பைகளில் சரின் நஞ்சு இருந்தது. பைகளைக் காலடியில் போட்டு, கூராகத் தீட்டிய குடை நுனியால் குத்திவிட்டு இறங்கிப் போனார்கள். பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர், ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டனர். குத்தியவர்களில் ஒருவர் இதய அறுவை மருத்துவர். உடன் சென்றவர்கள் இயற்பியலும் பொறியியலும் படித்தவர்கள். கொல்லப்படுபவரின் உயிர் மேல்நிலைக்குப் போகும் என்று அவர்களுடைய குரு ஷோகோ ஆசாகரா போதித்திருந்தார். மருத்துவம் கற்ற கை அதை ஏற்றுக் குடையைப் பிடித்தது. எல்லாக் குருக்களும் ஆசாகராக்கள் அல்லர் என்பது சரியான மறுப்புதான். ஆனால் நல்லவரையும் ஆசாகராவையும் பிரித்தறிய வேண்டிய அறிவைத்தான் சீடர் முதல் நாளே காணிக்கையாக வைத்துவிடுகிறார்.

விழிப்பு என்பது இதற்கு நேர்மாறான, மிகச் சாதாரணமான வேலை. விடியற்காலை முதல் தியான முகாமில் கண்மூடி அமர்ந்தவர், வெளியே வந்ததும் வண்டி நிறுத்துமிடத்துப் பையனிடம் ‘டோக்கன் எங்கடா?’ என்று எரிந்து விழுகிறார். கழுத்து நரம்பு புடைப்பதையும், இவன் தன்னைவிடக் கீழானவன் என்ற எண்ணம் சொல்லுக்கு முன்பே வந்து நிற்பதையும் அந்த நொடியில் அவரே பார்த்தால்தான் உண்டு. பார்த்தால் அடுத்த சொல் மாற வாய்ப்பிருக்கிறது. முகாமில் கிடைத்த அமைதியைப் பத்திரப்படுத்தும் கவலையில் இருப்பவருக்கு அது கண்ணில் படாது. அந்த ‘டா’வுக்குக் கர்மவினையோ கிரகமோ குருவின் சோதனையோ பொறுப்பாகாது. சொன்னவரே பொறுப்பு.

அன்பு விஷயத்தில்தான் இந்த நம்பிக்கை அதிகம் ஏமாற்றுகிறது. படத்துக்கு முன் கண்ணீர் விடுவதை அன்பு என்று எண்ணிக்கொள்வது எளிது. படம் எதிர்த்துப் பேசாது, மருந்துச் செலவு கேட்காது. வீட்டில் படுக்கையில் கிடக்கும் மாமியார் இரண்டையும் செய்வார். மேலும், சந்தேகித்தால் அருள் போய்விடும் என்று மிரட்டப்பட்டவர் குருவிடம் காட்டுவதில் பாதி பயம். பயம் இருக்கும் மனத்துக்கு விடுதலை என்ற பேச்சே பொருந்தாது.

கிருஷ்ணமூர்த்தியின் கதையிலும் ஒரு கசப்பு உண்டு. குரு வேண்டாம் என்று அரை நூற்றாண்டுக்கு மேல் பேசியவரையே பலர் குருவாக்கிக்கொண்டார்கள். சென்னை வசந்த விஹாரில் மரத்தடிப் பேச்சுக்கு வந்து, அவரையே மேற்கோள் காட்டித் தங்கள் சண்டைகளை முடித்துக்கொண்டார்கள். அந்தப் பழியை அவர்மேல் போட முடியாது. 1986 பிப்ரவரி 17 அன்று கலிபோர்னியாவின் ஓஹாயில் இறந்தபோது, வாரிசு என்றோ தம் பேச்சுக்கு உரை சொல்லும் அதிகாரம் பெற்றவர் என்றோ அவர் எவரையும் விட்டுச் செல்லவில்லை.